படம் போடாத பாக்கெட்டுகள்

செவ்வல்பேரியில் வைகுண்டமணி அண்ணாச்சி தன்னுடைய பொன்வேல் சூப்பர் மார்க்கெட்டில் கடைப் பேரிலேயே முதலில் சாம்பார் பொடி போட்டு, அப்புறம் காபித்தூள் போட்டு, அப்புறம் ரவை, சேமியா, ஊறுகாய், ஜாம், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, வெள்ளைக் கவரில் நீல எழுத்தில் பேரை மட்டும் அச்சடித்து, படம் என்று ஒன்றும் இல்லாமல் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்த வருஷத்தில்தான், பெரிய கம்பெனிப் பாக்கெட்டுகளின் மேல் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஊருக்குள் வர ஆரம்பித்தார்கள்.

ஏன் இறங்கினார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? விற்கவில்லை, இறங்கினார்கள். பொன்வேல் சாம்பார் பொடியில் மல்லி மல்லியாக மணத்தது, வத்தல் வத்தலாக உறைத்தது, ஜாமில் பழம் கிடந்தது, பிஸ்கட் டீயில் முக்கினால் டம்ளருக்குள் விழாமல் வாய்வரைக்கும் வந்து சேர்ந்தது. அதற்காக யாரும் ஆகா ஓகோ என்று கொண்டாடவில்லை. தின்று பார்த்தவர்கள் "ம், நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு மறுவாரமும் அதையே வாங்கினார்கள். கண் மட்டத்துத் தட்டில் பளபளவென்று இருந்த பாக்கெட்டுகள் அப்படியே இருந்து தேதி முடிந்து போயின. தேதி முடிந்த பாக்கெட்டில் ஒருத்தி எவ்வளவு நாள்தான் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கை வலிக்காதா?

முதலில் வந்தது மங்களம் சாம்பார் பொடியின் பச்சைப் பட்டுச் சேலைக்காரி. பஸ் ஸ்டாண்டில் கரண்டியும் கையுமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவளை, சத்துணவு டீச்சர் லூர்தம்மாள், தனியாக இருக்கிறவள், ஒத்தாசைக்கு ஆச்சு என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒத்தாசை எங்கே, அவளுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியவில்லை. அப்புறம் நூடுல்ஸ் கவரில் இருந்து வெள்ளைத் தொப்பி வைத்த சமையல்காரர் வந்தார், அவருக்கும் தெரியவில்லை. அரிசி மூட்டையில் இருந்து தலைப்பாகை கட்டிய விவசாயி வந்தார், அவர் வேட்டியில் மண் ஒட்டவே ஒட்டாது. ஊர்க்காரர்கள் இவர்களுக்குக் கவர்க்காரர்கள் என்று பேர் வைத்தார்கள், பேர் வைத்த பிறகு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் மிச்சமில்லை.

ஊர் என்றால் ஆளுக்கொரு வேலை கொடுக்கத்தானே செய்யும். பட்டுச் சேலைக்காரியைக் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள், காலையில் இருந்து சாயங்காலம் வரை முகம் வாடாமல் சிரிக்க வேறு யாரால் முடியும்? சமையல்காரர் டீக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தார். விவசாயியைக் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகும்போதெல்லாம் முன்னால் நடக்க விட்டார்கள், நிஜமான விவசாயிகளைவிட அவரைப் பார்த்தால்தான் அங்கே விவசாயி மாதிரி இருந்தது. துட்டி வீட்டில்தான் கொஞ்சம் சங்கடம். மாரடித்து அழுகிற இடத்தில் இவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றால் யாருக்குப் பொறுக்கும்? வராதே என்று சொல்லவும் மனசில்லை. கடைசியில் சுவரைப் பார்க்க உட்கார்த்தி வைப்பது என்று ஆனது. இன்றைக்கும் செவ்வல்பேரியில் துட்டி வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்து ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும், வெளியூர்க்காரர்கள்தான் என்ன ஏது என்று கேட்பார்கள்.

இந்த ஊரில், விற்காமல் போன அந்தப் பெரிய கம்பெனிச் சரக்குகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிற ஏஜென்சியில் சேல்ஸ்மேனாக இருந்தவன் குத்தாலிங்கம். நல்ல விற்பனைக்காரன். பேசியே விற்பான், பேசாமல் சிரித்தும் விற்பான். ஆனால் பொன்வேல் வந்த பிறகு அவன் சரக்கு போடப் போவது குறைந்து, தேதி முடிந்ததைத் திருப்பி எடுக்கப் போவதே வேலையாகிவிட்டது.

அவனுக்கும் அவன் மனைவி செண்பகவடிவுக்கும் கல்யாணமாகி வெகு காலம் ஆகியும் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், நாட்டு மருந்து எல்லாம் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் பார்ப்பதை நிறுத்தினார்கள், அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள், அப்புறம் பொதுவாகவே பேச்சு குறைந்து, "சாப்பிடுதியளா", "ம்", "கரண்டு போயிட்டு", "ம்" என்று வந்து நின்றது. சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது வீட்டில் ஒரு சூடு இருந்திருக்கும். வெகு நேரம் சம்மணம் போட்ட கால் மாதிரி அந்த வீடு மரத்துப் போயிருந்தது. வலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் ஜெயமால்ட் டப்பாக்களை, பாலில் கலக்கிக் குடிக்கிற சத்துப் பானம் அது, தேதி முடிந்து போனவற்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போகிற வழியில் குத்தாலிங்கம் சாப்பிட வீட்டுக்கு வந்தான். வண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், பின்னாலேயே ஒரு பெண் பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ரெட்டைச் சடை, வெள்ளை யூனிபார்ம், கழுத்தில் தங்க மெடல், மேலுதட்டில் பால் மீசை, கையில் டம்ளர். டப்பா எத்தனை இருந்தாலும் இறங்குவது ஒரே ஒரு ஆள்தான், அதுதான் வழக்கம். "அம்மா, நான் ஜெயிச்சுட்டேன்" என்றது. டப்பாவில் அதன் வாய்க்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த பேச்சு அது, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

வடிவு பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், எழுந்துபோய் இன்னொரு தட்டு எடுத்து வந்து சோறு போட்டாள்.

"சரித்தா. முதல்ல சாப்பிடு" என்றாள்.

பிரமு என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், பிறந்த தேதி கேட்ட ஹெட்மாஸ்டரிடம் குத்தாலிங்கம் டப்பா தயாரித்த தேதியைச் சொன்னான், அவரும் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் "அம்மா, நான் ஜெயிச்சுட்டேன்", காய்ச்சலில் படுத்தாலும் "அம்மா, நான் ஜெயிச்சுட்டேன்", முழங்கால் சிராய்த்து ரத்தத்தோடு வந்தாலும் சிரித்தபடியே அதே பேச்சு. வடிவும் ஒவ்வொரு தடவையும் "ஆமாத்தா, ஜெயிச்சுட்ட" என்று சொல்லிக்கொண்டே மஞ்சளைக் குழைத்துப் போடுவாள். சாயங்காலம் பாலில் பொன்வேல் மால்ட்தான் கலக்கிக் கொடுத்தாள். கழுதை, தன் படம் போட்ட டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்காது, இதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டும்.

இதில் ஒரு வினை இருந்தது, அதுவும் ஊருக்குத் தெரிந்ததுதான். லூர்தம்மாள் வீட்டுப் பட்டுச் சேலைக்காரி ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போனாள். பன்னீர்ச் செம்பு மட்டும் தரையில் உருண்டு கிடந்தது. விசாரித்தால், அந்த வாரம் மங்களம் கம்பெனிக்காரன் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தான், கண்டபடி விற்றிருந்தது. சரக்கு ஓடினால் ஆள் அட்டைக்குத் திரும்பிவிடுவாள் என்று அப்போதுதான் புரிந்தது. சலுகை முடிந்து, மறுபடி விற்காமல் கிடந்து, அடுத்த வருஷம் அதே பச்சைச் சேலையில் அதே முகம் இறங்கி வந்தது. லூர்தம்மாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவள் சிரித்தாள், டீச்சரை யாரென்று தெரியவில்லை, கடந்துபோய் எதிர்த்த தெருவில் வேறொரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். லூர்தம்மாள் அந்தத் தெரு வழியாக இப்போதும் பள்ளிக்கூடம் போவதில்லை.

ஆகையால் பிரமு வந்த நாளில் இருந்து குத்தாலிங்கம் ஜெயமால்ட் விற்பதை விட்டுவிட்டான். மற்ற சரக்குகளைக் கொஞ்சம் ஓட்டினான், ஜெயமால்ட் வேண்டுமா என்று எந்தக் கடையிலும் வாயைத் திறந்து கேட்கவில்லை. அந்த வருஷம் பங்குனித் தேர் வந்தது. ஏஜென்சி முதலாளி தாணுமூர்த்தி கூப்பிட்டு விட்டார்.

"கம்பெனிக்காரன் கடைசியா ஒரு லோடு அனுப்பியிருக்கான் வே. தேருக்குள்ள இது போனா ஏஜென்சி நிக்கும். இல்லேன்னா நானும் கடைய மூடிட்டு நீரும் வீட்டுல உக்கார வேண்டியதுதான். கோயில் வாசல்ல எடம் பிடிச்சிட்டேன்."

குத்தாலிங்கம் இறக்கி வைத்திருந்த டப்பாக்களைப் பார்த்தான்.

"உமக்கு மனசில்லன்னா சொல்லும்" என்றார் முதலாளி, அவருக்கும் விஷயம் தெரியும், கெட்ட மனுஷர் இல்லை. "வேற ஆள உக்கார வைக்கேன்."

வேறு ஆள் உட்கார்ந்தால் விற்றுவிடுவான். அதனால் குத்தாலிங்கம் "நானே உக்காருதேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வடிவு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெகு காலத்துக்குப் பிறகு அவர்கள் ஒரு விஷயத்தைப் பற்றி முழுசாகப் பேசினார்கள்.

"நீங்க உக்காருங்க, ஆனா விக்காதீங்க" என்றாள். "வேலை போனா போட்டும். நான் தறிக்குப் போறேன். ஒரு நேரக் கஞ்சின்னாலும் மூணு பேரும் குடிச்சிக்கிடலாம்."

"மூணு பேரும்" என்று அவள் சொன்னது அவன் காதில் நின்றது. நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்றது, மரத்த காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது வருமே, அந்த வலி. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

திருவிழா தொடங்கி, ஊரெல்லாம் பந்தலும் ராட்டினமுமாக, சுத்துப்பட்டு கிராமத்து ஜனமெல்லாம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்க, கோயில் வாசலில் குத்தாலிங்கம் ஜெயமால்ட் டப்பாக்களைப் பின்பக்கம் திருப்பி அடுக்கி, தார்ப்பாயைப் பாதி போர்த்தி, சுக்குப் போல மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விலை கேட்டவர்களுக்குக் காது கேட்காத மாதிரி இருந்தான். யாராவது டப்பாவைக் கையில் எடுத்தால் "தேதி பாத்து வாங்குங்க" என்று சொல்லிக் கிளப்பிவிட்டான். பேசியே விற்றவன் பேசியே விற்காமல் இருந்தான். ஒரு டப்பா போகவில்லை.

பக்கத்துக் கடை பீர் முகம்மதுவுடையது. கடையநல்லூர்க்காரர், ஊர் ஊராகத் திருவிழாக்களில் செருப்புக் கடை போடுகிறவர், செவ்வல்பேரிக்கு அதுதான் முதல் தடவை. கவர்க்காரர்கள் சமாச்சாரம் அவருக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியோடு வருகிற வடிவையும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற சிரித்த முகத்துப் பிள்ளையையும் பார்த்திருந்தார். இவ்வளவு லட்சணமான பிள்ளையை வைத்துக்கொண்டு வியாபாரம் தெரியாமல் இருக்கிறாரே மனுஷர் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னிக்காவது போணி ஆச்சா அண்ணாச்சி?" என்று தினமும் கேட்பார்.

"ஆவும் பாய்" என்பான் குத்தாலிங்கம்.

திருவிழாக் கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேர் நிலைக்கு வந்து சேருவதற்குள் எந்தக் கடையும் போணி ஆகாமல் கிடக்கக்கூடாது. கிடந்தால் அக்கம்பக்கத்துக் கடைக்காரன் தன் கைக்காசைப் போட்டாவது ஒரு சாமான் வாங்கிப் போணி பண்ணி வைப்பான். அதை யாரும் உபகாரமாக நினைப்பதில்லை, நன்றி சொல்லுவதும் இல்லை.

தேரோட்டத்தன்று சாயங்காலம் வடிவு பிரமுவைக் கடையில் விட்டுவிட்டு மாவிளக்குக்கு மாவு இடிக்கப் போனாள். பிள்ளை குத்தாலிங்கத்தின் பக்கத்தில் நின்று, வடம் பிடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, தேரு" என்றது.

அவன் திரும்பிப் பார்த்தான். பிள்ளை சிரிக்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நிஜப் பிள்ளைகள் வேண்டும் வேண்டும் என்று நிற்குமே, அப்படி நின்றது. அட்டையில் இல்லாத பேச்சு அது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அதுவரைக்கும் அவனை அது அப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

அதற்கு மேல் கடையாவது கத்தரிக்காயாவது. தார்ப்பாயை முழுசாக இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கீழரத வீதியில் நெருக்கியடித்துக்கொண்டு, தேர் அசைந்து அசைந்து வர, ஒரு கையால் பிள்ளையின் இரண்டு காலையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளை அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்திருந்தது. வலித்தது. அந்த வலி வேண்டியிருந்தது அவனுக்கு.

இங்கே பீர் முகம்மது மூடிக் கிடந்த கடையைப் பார்த்தார். தேர் பாதித் தூரம் வந்தாயிற்று. போணி ஆகாத கடையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டாரே என்று பதறி, கல்லை நகர்த்தி, ஒரு டப்பாவை எடுத்துத் தன் பிள்ளைகளுக்கென்று வைத்துக்கொண்டு, காசைத் தார்ப்பாய்க்கு அடியில் போட்டார். திருப்பி அடுக்கியிருந்த டப்பாக்களை முகம் தெரிகிற மாதிரி வைத்தார், அட, இவர் பிள்ளையைத்தான் கம்பெனிக்காரன் படம் பிடித்துப் போட்டிருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார். தேருக்கு வந்திருந்த கிராமத்துப் பொம்பளை ஒருத்தி சிரித்த முகத்தைப் பார்த்து நின்றாள். அவர் விற்றார். "புள்ளக்காரர் கடை தாயி, பாவம், வியாபாரம் தெரியாத மனுஷன்" என்று சொல்லிச் சொல்லி விற்றார். வெளியூர் ஜனம் வாங்கியது. உள்ளூர் ஜனமும் வாங்கியது. குத்தாலிங்கத்துக்கு வேலை போகப் போகிறது என்று ஊருக்கே தெரியும், ஆளுக்கு ஒன்று வாங்கினால் என்ன வந்துவிடப் போகிறது, ஒரு டப்பாவிலா ஆள் திரும்பிவிடும் என்று ஒவ்வொருத்தரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்று வாங்கிப் போனார்கள்.

தேர் முக்குத் திரும்பும்போது குத்தாலிங்கத்தின் தலைமயிரைப் பிடித்திருந்த பிடி விட்டது. ஜனங்கள் கும்பிடக் கை தூக்கினார்கள், பிள்ளையும் கும்பிடுகிறது என்று நினைத்தான். பிறகு தோளில் கனம் இல்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த கை அவன் சட்டையை மட்டும் பிடித்திருந்தது. அவன் கீழே குனிந்து தேடவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தேர் நிலைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

கடைக்கு வந்தான். தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. பலகை காலியாக இருந்தது. பீர் முகம்மது முகமெல்லாம் வேர்வையும் பூரிப்புமாகப் பையை நீட்டினார்.

"அத்தனையும் போயிட்டு அண்ணாச்சி. புள்ளக்காரரு இப்படியா கடைய மூடிட்டுப் போறது?"

குத்தாலிங்கம் பையை வாங்கினான். அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்தான், அதில் குற்றம் சொல்ல ஒரு இடம்கூட இல்லை. அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. கோபம் வரும் என்று நினைத்தான், அதுவும் வரவில்லை.

"சந்தோஷம் பாய்" என்றான்.

வீட்டில் வடிவு மாவிளக்கை ஏற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் தனியாக வருவதைப் பார்த்தாள். கையில் பையைப் பார்த்தாள்.

"யாரு வித்தா?" என்றாள்.

"செருப்புக்கடை பாய். அவருக்குத் தெரியாது."

"சொல்லிட்டியளா?"

"இல்ல."

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். "சொல்லாதீங்க. நல்லது செஞ்சோம்னு இருப்பாவ" என்றாள்.

அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு டப்பா வாங்கினவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு வீட்டிலும் டப்பாவைத் திறக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை, படம் தெரியாமல் திருப்பி வைத்தார்கள். பீர் முகம்மதுவிடம் யாரும் மூச்சு விடவில்லை. டீக்கடையில் அவரிடம் காசு வாங்க மாட்டேன் என்றார்கள், நல்ல ஊராக இருக்கிறதே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்புகிற வழியில் அவர் வேனைக் குத்தாலிங்கத்தின் வாசலில் நிறுத்தி இறங்கினார். கையில் சின்னதாக ஒரு ஜோடி செருப்பு, சிவப்பு வார், பூப் போட்டது.

"புள்ள எங்க தங்கச்சி? வெறுங்காலோட ஓடுதத நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

குத்தாலிங்கம் உள்ளே சுவரோரம் நின்றான். அவனால் வெளியே வர முடியவில்லை. வடிவுதான் போனாள்.

"எங்க அக்கா வந்து தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாண்ணே. தேரு பாத்த கையோட."

"அடடே. சரி, வந்ததும் போட்டு விடுங்க. கண்ணளவுதான். ஒரு சைஸு கூடத்தான் எடுத்திருக்கேன், வளருத புள்ள."

வடிவு செருப்பை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், விரலால் நீளத்தை அளந்தாள், சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாள்.

"இதுக்கு அடுத்த சைஸு இருக்காண்ணே?" என்றாள். "அவ திரும்பி வரதுக்குக் கொஞ்ச காலமாவும். அதுக்குள்ள வளந்துருவா."

"அதுக்கென்ன, இருக்கு தாயி" என்று பீர் முகம்மது மூட்டையை அவிழ்க்கப் போனார்.